ஸ்கிரீன் ரீடரில் இணையதளம்: கீழ் அம்புக்குறியை விட்டு விரலை எடுங்கள்

பார்வையற்ற கல்லூரி மாணவி ஒருத்திக்குக் கணினி சொல்லிக்கொடுக்கப் போயிருந்தேன். செய்தித்தளம் ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு கீழ் அம்புக்குறியை அழுத்திக்கொண்டே இருந்தாள். முகப்பு, தமிழகம், இந்தியா, உலகம், விளையாட்டு, ஜோதிடம் என்று மெனு வாசித்து முடியவே இல்லை. "அண்ணா, செய்தி எங்கே ஆரம்பிக்குதுன்னே தெரியல. தினமும் இப்படித்தான்" என்றாள். "அம்புக்குறியை விடும்மா. எச் எழுத்தை ஒரே ஒரு தடவை அழுத்து" என்றேன். அழுத்தினாள். செய்தியின் தலைப்பு காதில் விழுந்தது.

பார்வையுள்ளவர்களும் ஒரு பக்கத்தை மேலிருந்து கீழே வரி விடாமல் வாசிப்பதில்லை. கண்ணை ஓடவிட்டு, வேண்டிய இடத்தில் நிற்கிறார்கள். நாமும் அப்படி ஓடலாம். அதற்கான கால்கள் கீபோர்டில் இருக்கின்றன. புதிதாகத் தொடங்குபவர்களுக்காக, விண்டோஸ் கணினியையும், திரையில் இருப்பதைக் குரலில் வாசிக்கும் ஸ்கிரீன் ரீடர் மென்பொருள்களில் ஒன்றான என்விடிஏ-வையும் வைத்து இதை எழுதுகிறேன்.

என்விடிஏ இலவசம். பார்வையற்ற இரண்டு ஆஸ்திரேலியர்கள், மைக்கேல் கரனும் ஜேம்ஸ் டேயும், 2006 வாக்கில் உருவாக்கத் தொடங்கியது. பெரிய விலை கொடுத்து வாங்க முடியாதவர்களுக்கும் கணினி வேண்டும் என்று அவர்கள் நினைத்ததால்தான் நம்மில் பலர் இன்று கணினி முன் உட்கார்ந்திருக்கிறோம்.

முதலில் குரலைச் சரிசெய்யுங்கள்

நிறுவியதும் வரும் வரவேற்புப் பெட்டியில், கேப்ஸ் லாக்கை என்விடிஏ கீயாகப் பயன்படுத்தலாமா என்று கேட்கும். லேப்டாப் வைத்திருப்பவர்கள் டிக் செய்துகொள்ளுங்கள். மற்றவர்களுக்கு இன்செர்ட் போதும். இனி நான் இன்செர்ட் என்று எழுதும் இடமெல்லாம் உங்கள் என்விடிஏ கீயைத்தான் சொல்கிறேன்.

ஆங்கிலக் குரலை மட்டும் வைத்துக்கொண்டு தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் ஒன்றும் புரியாது. இன்செர்ட், கண்ட்ரோல், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பேச்சு இயந்திரத்தைத் தேர்ந்தெடுக்கலாம். கூடவே வரும் ஈஸ்பீக்கில் தமிழ் உண்டு. கொஞ்சம் கரகரப்பான குரல்தான், ஆனால் வேகமாக ஓடும். இன்னும் இயல்பான குரல் வேண்டுமென்றால் விண்டோஸ் அமைப்புகளில் தமிழ்ப் பேச்சைச் சேர்த்துவிட்டு, விண்டோஸின் சொந்தக் குரல்களான ஒன்கோர் குரல்களில் வள்ளுவர் என்பதைத் தேர்ந்தெடுங்கள். வேகத்தை மாற்ற இன்செர்ட், கண்ட்ரோல், வி. முதல் வாரம் மெதுவாகவே வையுங்கள்.

பேச்சை நிறுத்த கண்ட்ரோல். கீபோர்டில் எது எங்கே இருக்கிறது என்று பழக இன்செர்ட்டும் 1-ம். அழுத்தும் கீயின் பெயரையும் வேலையையும் சொல்லும், எதையும் செய்யாது. மறுபடி அதையே அழுத்தினால் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

பக்கத்தின் வரைபடம்

பக்கம் திறந்ததும் என்விடிஏ தானாக வாசிக்கத் தொடங்கும். கண்ட்ரோலை அழுத்தி நிறுத்துங்கள். இன்செர்ட்டுடன், ஆங்கிலத்தில் எஸ்-க்கு அடுத்து வரும் டி அழுத்தி எந்தப் பக்கத்தில் இருக்கிறோம் என்று உறுதிசெய்யுங்கள். அடுத்து எச்.

எச் ஒவ்வொரு ஹெட்டிங்காகத் தாவும். "ஹெட்டிங் லெவல் டூ" என்று அது சொல்லும் எண்ணைக் காது கொடுத்துக் கேளுங்கள். புத்தகத்தின் பெயர் லெவல் 1 என்றால், அத்தியாயங்கள் லெவல் 2, அவற்றின் உட்பிரிவுகள் லெவல் 3. எண் கீ 2-ஐ அழுத்தினால் அத்தியாயங்களில் மட்டும் தாவலாம். பின்னால் போக அதே கீயுடன் ஷிஃப்ட்டைச் சேர்க்க வேண்டும். எல்லா எழுத்துக்கும் இதுதான் விதி.

கே அடுத்த லிங்க், ஏ-க்கு அடுத்து வரும் பி பட்டன், இ எழுதும் கட்டம், எஃப் படிவத்தின் ஏதாவது ஒரு பகுதி, எக்ஸ் செக் பாக்ஸ், எல் பட்டியல், ஜி படம், சி-க்கு அடுத்து வரும் டி பக்கத்தின் பெரும்பகுதிகள். எல்லாவற்றையும் இன்றே மனப்பாடம் செய்ய வேண்டாம். எச், கே, இ, பி நான்கும் கைக்கு வந்தால் பாதி இணையம் வந்த மாதிரி.

எனக்குப் பிடித்தது ஆங்கிலத்தில் எம்-க்கு அடுத்து வரும் "என்" எழுத்து. வரிசையாக லிங்குகள் குவிந்திருக்கும் இடத்தைத் தாண்டி, லிங்க் இல்லாத எழுத்து தொடங்கும் இடத்தில் கொண்டுபோய் நிறுத்தும். ஹெட்டிங் போடாத சோம்பேறித்தனமான தளங்களில் செய்தியைப் பிடிக்க இதுதான் வழி.

பக்கத்தில் என்னென்ன இருக்கிறது என்று மொத்தமாகத் தெரிய வேண்டுமா? இன்செர்ட், எஃப் 7. லிங்குகளோ ஹெட்டிங்குகளோ பட்டியலாக வரும். வேண்டியதன் மேல் நின்று எண்டர். இந்தப் பட்டியலில்தான் தளம் செய்பவர்களின் அக்கறை வெளிப்படும். "இங்கே க்ளிக் செய்யவும், இங்கே க்ளிக் செய்யவும்" என்று பத்து முறை வந்தால் எதை என்று தேர்ந்தெடுப்பது? அந்த லிங்குக்கு ஒரு பெயர் வைக்க அவர்களுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

படிவம் நிரப்புதல்: எல்லோரும் தடுக்கி விழும் இடம்

நான் முதன்முதலில் ஆன்லைனில் விண்ணப்பம் போட்டபோது, ஊர் என்ற கட்டம் வந்தது. ஆங்கிலத்தில் கரூர் என்று தட்டினேன். கே தட்டியதும் ஏதோ லிங்குக்குப் போனது. ஏ தட்டியதும் "இல்லை" என்றது. ஆர் தட்டியதும் ரேடியோ பட்டனில் நின்றது. யு வேறொரு லிங்குக்கு இழுத்துப் போனது. அரை மணி நேரம் போராடிவிட்டு, கணினி கெட்டுப்போய்விட்டது என்று எழுந்துவிட்டேன். எனக்கு யாரும் சொல்லாததை உங்களுக்குச் சொல்கிறேன்.

என்விடிஏ-வுக்கு இரண்டு நிலைகள். உலாவும் நிலையில் எழுத்துகள் கால்களாக வேலைசெய்யும், தாவும். எழுதும் நிலையில் எழுத்துகள் எழுத்துகளாகவே விழும். ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற இன்செர்ட், ஸ்பேஸ் பார். மாறும்போது சின்ன ஓசை கேட்கும். இரண்டுக்கும் ஓசை வேறு வேறு. பத்துத் தடவை மாற்றி மாற்றி அழுத்தி அந்த வித்தியாசத்தைக் காதில் பதியவையுங்கள்.

செய்முறை இதுதான். இ அழுத்தி எழுதும் கட்டத்துக்குப் போங்கள். அது என்ன கட்டம் என்று சொல்வதைக் கேளுங்கள். எண்டர் அழுத்துங்கள், ஓசை வரும். எழுதுங்கள். முடிந்ததும் எஸ்கேப், மறுபடி ஓசை. திரும்ப இ. டேப் கீயால் கட்டத்துக்குள் போனால் எழுதும் நிலை தானாகவே வந்துவிடும். ஆனால் டேப், கட்டங்களுக்கு நடுவே எழுதியிருக்கும் குறிப்புகளை வாசிக்காமல் தாண்டிவிடும். "புகைப்படம் 50 கேபி-க்குள் இருக்க வேண்டும்" போன்ற வரி அங்கேதான் இருக்கும். அதனால் முதல் முறை படிவத்தை அம்புக்குறியால் ஒரு தடவை முழுக்க வாசியுங்கள். அம்புக்குறியை விடச் சொன்ன நானே சொல்கிறேன், இந்த ஓர் இடத்தில் அது அவசியம்.

மாவட்டம், மாநிலம் போன்ற கீழே விரியும் பட்டியல்களில் ஆல்ட்டுடன் கீழ் அம்புக்குறி. விரிந்ததும் முதல் எழுத்தைத் தட்டினால் அந்த இடத்துக்குப் போகும்.

சில படிவங்களில் பி அழுத்தினால் "பட்டன்", "பட்டன்", "பட்டன்" என்று மட்டும் வரும், பெயரே இருக்காது. அது உங்கள் தவறில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மின்னணுத் தகவல்களும் நமக்கு எட்ட வேண்டும் என்கிறது. தளத்தாருக்கு எழுதுங்கள். எந்தப் பக்கம், எந்த இடம், ஸ்கிரீன் ரீடர் என்ன சொன்னது என்று மூன்று வரி எழுதினால் போதும்.

அட்டவணை

டி என்றதும் குழம்ப வேண்டாம், ஆங்கில அகரவரிசையில் எஸ்-க்கு அடுத்து வரும் டி இது. அதை அழுத்தினால் அட்டவணைக்குப் போகலாம். உள்ளே கண்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு அம்புக்குறிகள். ரயில் நேர அட்டவணையில் ஒரு நெடுவரிசையில் நின்று கீழே இறங்கினால், ஒவ்வொரு நிலையத்தின் நேரமும் வரிசையாக வரும். தலைப்புகளை முறையாகக் குறித்திருந்தால் வரிசை மாறும்போது நிலையத்தின் பெயரையும் சேர்த்தே சொல்லும்.

பழக ஓர் இடம்

தமிழ் விக்கிப்பீடியா ஒழுங்காகக் கட்டப்பட்ட தளம். அங்கே இ அழுத்தி, எண்டர் தட்டி, லூயி பிரெயில் என்று தேடுங்கள். கட்டுரை திறந்ததும் 1-ஐ அழுத்தினால் பெயரில் நிற்பீர்கள். பிறகு 2-ஐ அழுத்தி அழுத்தி என்னென்ன பிரிவுகள் இருக்கின்றன என்று கேளுங்கள். கண்ட்ரோல், ஹோம் அழுத்தி மேலே திரும்பி, இன்செர்ட், கண்ட்ரோல், எஃப் அழுத்தி 1809 என்று கொடுத்து எண்டர் தட்டுங்கள். அவர் பிறந்த ஆண்டு எழுதியிருக்கும் வரியில் போய் நிற்கும். அங்கிருந்து இன்செர்ட்டும் கீழ் அம்புக்குறியும் சேர்த்து அழுத்தினால் தொடர்ந்து வாசிக்கும். லேப்டாப் அமைப்பில் அதற்கு இன்செர்ட், ஏ. இனி கையைக் கட்டிக்கொண்டு கேட்கலாம்.