பொது அறிவுப் பயிற்சியில் விடையோடு நின்றுவிடும் தவறு

ஆஸ்திரேலியாவின் தலைநகரம் எது? சிட்னி, மெல்போர்ன், கான்பெரா, பெர்த். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் யாரும் கான்பெரா என்று யோசிக்காமல் சொல்லிவிடுவார்கள். சரி, கான்பெராவுக்கு முன்னால் அந்த நாட்டின் நாடாளுமன்றம் எந்த ஊரில் கூடியது? இங்கே பலருக்கும் விடை தடுமாறும். மெல்போர்ன் என்பதே சரி. 1901இல் ஆறு காலனிகள் சேர்ந்து ஒரே நாடானபோது, தலைநகரம் யாருக்கு என்பதில் சிட்னிக்கும் மெல்போர்னுக்கும் ஒத்துப்போகவில்லை. இரண்டுக்கும் கொடுக்காமல் புது ஊரையே கட்டிவிடலாம் என்று முடிவாகி, 1908இல் கான்பெராவுக்கான இடம் தேர்வானது. ஊர் தயாராகி 1927இல் நாடாளுமன்றம் அங்கே போகும் வரை எல்லாம் மெல்போர்னில்தான் நடந்தது.

இது தெரிந்தவருக்குக் கான்பெரா மறக்காது. சிட்னியும் மெல்போர்னும் அந்த நான்கு தெரிவுகளில் ஏன் உட்கார்ந்திருக்கின்றன என்பதும் புரிந்துவிடும். பொது அறிவுப் பயிற்சியில் நான் பார்க்கிற தவறுகளில் பெரும்பாலானவை ஒரே இடத்திலிருந்து கிளம்புகின்றன: கேள்வியையும் விடையையும் ஜோடியாகப் பிடித்து மனப்பாடம் செய்வது. நானும் படித்த காலத்தில் ஒரு தடித்த நோட்டு முழுக்க ஒருவரி விடைகளை எழுதி வைத்திருந்தேன். தேர்வில் அதே செய்தியைச் சற்றுத் திருப்பிக் கேட்டபோது, அந்த நோட்டில் இருந்த எதுவும் கைகொடுக்கவில்லை.

தவறான மூன்று தெரிவுகளையும் கேள்வியின் பாகமாகவே படியுங்கள். யுனெஸ்கோவின் தலைமையகம் எங்கே என்ற கேள்விக்கு பாரிஸ், ஜெனீவா, ரோம், தி ஹேக் என்று தெரிவுகள் வந்தால், பாரிஸைக் குறித்துவிட்டு அடுத்ததுக்கு ஓடாதீர்கள். ஜெனீவாவில் எது இருக்கிறது? உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும். ரோமில் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு. தி ஹேக்கில் சர்வதேச நீதிமன்றம், ஐ.நா.வின் ஆறு முதன்மை அங்கங்களில் நியூயார்க்குக்கு வெளியே இருப்பது அது ஒன்றுதான். ஒரே கேள்வியில் நான்கைந்து கேள்விகளுக்கான பதில் சேர்ந்துவிட்டது. நாளைக்கு இதையே பொருத்துக வடிவில் கேட்டாலும், கூற்று–காரணம் என்று கேட்டாலும் திணற வேண்டியதில்லை. ஒரு நாளைக்கு 200 கேள்விகளைப் புரட்டுவதைவிட, 40 கேள்விகளை இப்படி நான்கு பக்கமும் திருப்பிப் பார்ப்பது மேல் என்பது என் உறுதியான எண்ணம்.

அடுத்தது அடைமொழியை விட்டுவிட்டுச் செய்தியை மட்டும் பிடித்துக்கொள்வது. உலகின் மிகப்பெரிய பாலைவனம் சகாரா என்று எழுதி வைத்திருப்பார்கள். சகாரா மிகப்பெரிய வெப்பப் பாலைவனம். 'வெப்ப' என்ற சொல் இல்லாமல் கேட்டால் அண்டார்க்டிகாதான் விடை, ஏனென்றால் பாலைவனம் என்பதை முடிவு செய்வது வெயில் அல்ல, மழை அல்லது பனிப்பொழிவின் குறைவு. எவரெஸ்டும் அப்படித்தான். கடல் மட்டத்திலிருந்து அளந்தால் 8,848.86 மீட்டரோடு அதுவே உயரம். பூமியின் மையத்திலிருந்து அளந்தால் ஈக்வடாரின் சிம்பொராசோ உச்சி அதைத் தாண்டிவிடும், பூமி நிலநடுக்கோட்டுப் பக்கம் புடைத்திருப்பதால். கடலுக்கடியில் இருக்கும் அடிவாரத்திலிருந்து அளந்தால் ஹவாயின் மௌனா கியா முந்திக்கொள்ளும். மூன்றும் உண்மையே, எங்கிருந்து அளக்கிறோம் என்பதுதான் வேறு.

'முதல்' என்ற சொல்லில் இந்தச் சிக்கல் இன்னும் அதிகம். விண்வெளிக்குப் போன முதல் மனிதர் யூரி ககாரின், 1961. முதல் பெண் வாலென்டினா தெரெஷ்கோவா, 1963. விண்கலத்தை விட்டு வெளியே வந்து விண்வெளியில் மிதந்த முதல் மனிதர் அலெக்ஸி லியோனோவ், 1965. அப்படி வெளியே வந்த முதல் பெண் ஸ்வெத்லானா சவீத்ஸ்காயா, 1984. நிலவில் கால் வைத்த முதல் மனிதர் நீல் ஆம்ஸ்ட்ராங், 1969. இவற்றைத் தனித்தனி ஒருவரிச் செய்திகளாக வெவ்வேறு நாளில் படித்தால் தேர்வறையில் ஒன்றோடொன்று கலந்துவிடும். ஒரே தாளில் ஆண்டு வரிசையில் எழுதிப் பாருங்கள், யார் எதில் முதல் என்பது தானாகப் பிரியும். கேள்வியைப் படிக்கும்போதும் 'பொருந்தாதது', 'தவறானது', 'அல்லாதது' போன்ற சொற்களுக்கு அடியில் கோடு போடுங்கள். விடை நன்றாகத் தெரிந்தும் மதிப்பெண்ணை இழக்கிற இடம் இது, அதனால்தான் எனக்கு ஆற்றாமையாக இருக்கும்.

பொது அறிவுச் செய்திகளுக்குக் காலாவதி உண்டு என்பதையும் நிறையப் பேர் கவனிப்பதில்லை. பழைய வினாத்தொகுப்பு ஒன்றை எடுத்து அப்படியே படித்தால் ஒன்பது கோள்கள் என்றுகூட இருக்கும். புளூட்டோவைக் குறுங்கோளாக மாற்றியது 2006இல். கிலோகிராமுக்கு அடிப்படை பாரிஸ் அருகே வைத்திருக்கும் பிளாட்டினம்–இரிடியம் உருளை என்பது 2019 மே 20 வரைதான் சரி, இப்போது பிளாங்க் மாறிலி என்ற, இயற்பியலில் எப்போதும் மாறாத ஓர் எண்ணை வைத்து வரையறுக்கிறார்கள். கஜகஸ்தான் தலைநகரின் பெயர் 2019இல் அஸ்தானாவிலிருந்து நூர்-சுல்தான் ஆனது, 2022இல் மறுபடியும் அஸ்தானாவே ஆனது. இடைப்பட்ட மூன்று ஆண்டுகளில் அச்சான புத்தகத்தை வைத்துப் படிப்பவர் கதி என்ன ஆகும்? சுவாசிலாந்து 2018இல் எஸ்வாத்தினி ஆகிவிட்டது. அதிகத் துணைக்கோள்கள் கொண்ட கோள் எது என்பது 2023இல் சில மாதங்களுக்குள்ளேயே சனியிலிருந்து வியாழனுக்குப் போய்த் திரும்பவும் சனிக்கே வந்தது. 2025 மார்ச்சில் சனியின் எண்ணிக்கை 274ஐத் தொட்டது. இதற்கு ஒரு சின்னப் பழக்கம் போதும்: எண், பதவி, பெயர் எதைக் குறித்தாலும் பக்கத்தில் எந்த மாத நிலவரம் என்று எழுதுங்கள். தேர்வுக்கு ஒரு மாதம் முன்பு அந்தத் தேதிகளை மட்டும் ஓட்டிப் பார்த்து, மாறியிருக்கக் கூடியவற்றைச் சரிபார்த்தால் போதும்.

விடைக்குறிப்பும் தவறாக இருக்கும். ஐன்ஸ்டைனுக்கு நோபல் பரிசு சார்பியல் கோட்பாட்டுக்காகக் கிடைத்தது என்று இன்னமும் சில தொகுப்புகளில் பார்க்கிறேன். 1921ஆம் ஆண்டுக்கான அந்தப் பரிசின் அறிவிப்பில் தனித்துக் குறிப்பிடப்பட்டது ஒளிமின் விளைவு விதி. சந்தேகம் வந்தால் இன்னொரு வினாத்தொகுப்பைப் பார்க்காதீர்கள், அது முதலாவதைப் பார்த்து எழுதியதாக இருக்கலாம். அந்தந்த அமைப்பின் அதிகாரபூர்வப் பக்கத்துக்கோ பாடநூலுக்கோ போங்கள்.

படிக்கிற முறைக்கு வருவோம். கேள்விக்குக் கீழேயே விடை இருக்கும் பக்கங்களை வரிசையாக வாசித்துவிட்டு 'எல்லாம் தெரிந்ததுதான்' என்று நினைப்பது பெரிய ஏமாற்றம். கண்ணில் பட்டதை அடையாளம் கண்டுகொள்வது வேறு, ஒன்றும் இல்லாத இடத்திலிருந்து நினைவுக்குக் கொண்டுவருவது வேறு. ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில் இது தெளிவாகத் தெரிந்தது: ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பத் திரும்பப் படித்த மாணவர்கள் முன்னே நின்றார்கள், ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லை. ஆகவே விடையைத் தாளால் மறைத்துவிட்டு, முடிந்தால் தெரிவுகளையும் மறைத்துவிட்டுச் சொல்லிப் பாருங்கள். அப்புறம் ஒரு நாள், ஒரு வாரம், ஒரு மாதம் என இடைவெளி விட்டுத் திரும்புங்கள். ஒரே மாதிரித் தேர்வை அடுத்தடுத்த நாளில் மீண்டும் எழுதி மதிப்பெண் ஏறியதாக மகிழ வேண்டாம். நினைவில் நின்றது மூன்றாவது தெரிவு சரி என்பது மட்டுமாக இருக்கலாம்.

நெகட்டிவ் மார்க் விஷயத்தில் பயமும் துணிச்சலும் கணக்குப் பார்க்காமலே வருகின்றன. சரியான விடைக்கு 1 மதிப்பெண், தவறுக்கு மூன்றில் ஒரு பங்கு குறைப்பு, நான்கு தெரிவுகள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றுமே தெரியாத 12 கேள்விகளுக்குக் கண்ணை மூடிக் குறித்தால் சராசரியாக 3 சரி, 9 தவறு. வந்த 3 மதிப்பெண் அப்படியே போய்விடும். ஒவ்வொன்றிலும் ஒரு தெரிவை உறுதியாக நீக்க முடிந்தால் 4 சரி, 8 தவறு, ஏறக்குறைய 1.3 மதிப்பெண் கையில் நிற்கும். இரண்டை நீக்க முடிந்தால் 6 சரி, 6 தவறு, 4 மதிப்பெண் லாபம். குறைப்பே இல்லாத தேர்வில் எதையும் காலியாக விடுவதில் பொருளில்லை. ஆனால் 'உறுதியாக நீக்கினேன்' என்பது உண்மையா என்று தெரிய வேண்டும். அதற்காகத்தான் மாதிரித் தேர்வு எழுதும்போது ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் ஒரு குறி போடச் சொல்வேன்: உறுதி, பாதி உறுதி, ஊகம். திருத்தும்போது மூன்றையும் தனித்தனியாக எண்ணுங்கள். உறுதி என்று போட்டவற்றில் தவறு வந்திருந்தால் அந்தப் பகுதியைத்தான் முதலில் திரும்பப் படிக்க வேண்டும், தெரியாத பகுதியை அல்ல. தெரியாததை நீங்கள் தேர்வில் விட்டுவிடுவீர்கள். தவறாகத் தெரிந்திருப்பதைத் தயக்கமே இல்லாமல் குறித்துவிட்டு வருவீர்கள்.