கல்யாண மேளத்தை எட்டு மைக்கில் பதிவு செய்யும் முன்

காரைக்குடிப் பக்கம் வளவு வீட்டுக் கல்யாணத்தில் நாயனம், தவிலை எட்டு மைக் வைத்துப் பதிவு செய்யப் போகிறீர்களா? முதலில் கிளாக்கை, அதாவது டிஜிட்டல் கருவிகளை ஒரே சீராக ஓட வைக்கும் நேரத் துடிப்பைச் சரிபாருங்கள். எட்டுச் சேனல் பிரீஆம்ப் (மைக் சிக்னலைப் பெருக்கும் கருவி) ஏடாட் ஆப்டிகல் கேபிள் (பல சேனலை ஒளியாகக் கடத்தும் டிஜிட்டல் இணைப்பு) வழியே இன்டர்ஃபேஸுக்கு (கணினிக்கு ஒலியைக் கொண்டுபோகும் கருவி) போகிறது என்றால், இரண்டில் ஒன்றுதான் மாஸ்டர், மற்றது அதன் கிளாக்கைப் பின்பற்ற வேண்டும். பிரீஆம்ப் ‘இன்டர்னல்’ (தன் சொந்த கிளாக்) என்றால் இன்டர்ஃபேஸின் கிளாக் சோர்ஸ் ‘ஏடாட்’ என்று இருக்க வேண்டும். இரண்டுமே இன்டர்னலில் இருந்தாலும் சத்தம் வரும், அதனால்தான் பலர் கவனிப்பதில்லை. ஆனால் நடுநடுவே ‘டிக் டிக்’ என்று வெட்டும். அதை எடிட்டிங்கில் துடைப்பது பெரும்பாடு. சாம்பிள் ரேட் (வினாடிக்கு எத்தனை முறை ஒலியை அளக்கிறது என்பது) இரண்டிலும் 48 கிலோஹெர்ட்ஸ் போதும். 96 வைத்தால் அதே கேபிளில் 4 சேனல்தான் போகும்.

அப்புறம் லெவல். சுருதி சேர்க்கும்போது பார்த்து கெயின் (மைக் சிக்னலைப் பெருக்கும் அளவு) வைக்காதீர்கள். கெட்டிமேளத்தில் தவில் எகிறிவிடும். “அண்ணே, கெட்டிமேளம் ஒருதரம் வாசிச்சுக் காட்டுங்க” என்று கேட்டு, மீட்டரில் உச்சம் மைனஸ் 12 டெசிபெலைத் தாண்டாமல் வையுங்கள். 24 பிட்டில் லெவல் குறைவாகப் பதிந்தால் நஷ்டமில்லை, எல்லை மீறி கிளிப் ஆனதை (உச்சம் வெட்டுப்பட்டதை) முழுசாக மீட்க முடியாது. தவில் மைக்குக்கு பேட் (சிக்னலைக் குறைக்கும் சுவிட்ச்) போட்டுவிடுங்கள். ஆத்தங்குடிக் கல் தரை எதிரொலிக்கும் என்பதால் மைக்கை வாத்தியத்துக்கு நெருக்கமாக வையுங்கள். நகர்த்தினால் லெவலை மறுபடி பாருங்கள்.