புதிய பயிற்சியாளர், பழைய அணி: சீசனைக் கணிக்கும் முறை

கால்பந்துக் கிளப் ஒன்றில் நெடுநாள் இருந்த பயிற்சியாளர் விலகிவிட்டால் ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். வந்தவர் போனவரின் கால்தூசிக்கு ஆவாரா என்று ஒரு கட்சி கேட்கும். போனவர் முன்பே போயிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்று மறு கட்சி சொல்லும். இரண்டு கட்சியும் ஆளைப் பற்றிப் பேசுகின்றனவே தவிர, அவர் கைக்கு வந்துசேர்ந்த அணியைப் பற்றிப் பேசுவதில்லை. எட்டரைக்குத் தொடங்கிய ஆட்டம் பத்தரைக்கு முடிந்த பிறகும் நள்ளிரவு தாண்டி நீளும் இந்த வழக்குகளில் பலமுறை தோற்ற பிறகு நான் பழகிக்கொண்ட முறையை இங்கே எழுதுகிறேன். இங்கிலாந்தின் உயர்மட்ட லீக்கான பிரீமியர் லீக்கில், 2013இல் மான்செஸ்டர் யுனைடெட்டில் அலெக்ஸ் ஃபெர்குசன் இடத்துக்கு டேவிட் மோய்ஸ் வந்ததும், 2024இல் லிவர்பூலில் யூர்கன் கிளாப் இடத்துக்கு ஆர்னே ஸ்லாட் வந்ததும் நமக்கு எடுத்துக்காட்டுகள்.

முதல் வேலையாக, விலகியவரின் கடைசி இரண்டு சீசன்களின் புள்ளிப் பட்டியலை எடுத்து, புள்ளிகளை (வெற்றிக்கு 3, டிராவுக்கு 1) விட்டுவிட்டு, அடித்த கோலையும் வாங்கிய கோலையும் மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். யுனைடெட் 2011-12இல் 89 புள்ளிகள் எடுத்தும் கோல் வித்தியாசத்தில் (அடித்ததில் வாங்கியதைக் கழித்தால் வருவது) மான்செஸ்டர் சிட்டியிடம் பட்டத்தை இழந்தது. 2012-13இல் அதே 89 புள்ளிகளோடு, 11 புள்ளி முன்னிலையில் பட்டம் வென்றது. புள்ளியை மட்டும் பார்த்தால் அணி அப்படியே இருந்ததாகத் தோன்றும். ஆனால் முதல் சீசனில் 89 கோல் அடித்து 33 வாங்கிய அணி, அடுத்த சீசனில் 86 அடித்து 43 வாங்கியிருந்தது. வித்தியாசம் 56இலிருந்து 43க்கு இறங்கியதைப் பட்டத்தின் பளபளப்பு மறைத்துவிட்டது. மோய்ஸ் வருவதற்கு முன்பே அந்தச் சரிவு தொடங்கிவிட்டது என்பது பட்டியலைப் பார்த்தவர்களுக்கு மட்டும் தெரிந்தது.

அதே தாளில் புதியவரின் சீசனையும் சேர்த்தால் வாதத்தின் திசையே மாறிவிடும். 2013-14இல் யுனைடெட் 64 புள்ளிகளோடு ஏழாம் இடத்துக்குப் போனது. ஆறு ஆண்டு ஒப்பந்தத்தோடு வந்த மோய்ஸ், ஏப்ரல் மாதத்திலேயே நீக்கப்பட்டார். அந்த ஆண்டு தற்காப்பு உடைந்துபோனது என்று சொல்பவர்களை இன்றும் பார்க்கிறேன். வாங்கிய கோல்கள் அந்த ஆண்டும் 43தான். அடித்த கோல்கள்தாம் 86இலிருந்து 64ஆகக் குறைந்தன. அந்த 22 கோல் குறைவில், முந்தைய சீசனில் லீக்கில் 26 அடித்த ராபின் வான் பெர்சி காயங்களால் 21 ஆட்டங்களில் மட்டும் ஆடி 12 அடித்ததே பெரும்பங்கு. ஆகவே கேட்க வேண்டியது, மோய்ஸ் பெரிய கிளப்புக்குத் தகுதியானவரா என்பதல்ல. வான் பெர்சி இல்லாத நாட்களில் கோல் எங்கிருந்து வரும் என்பதற்கு அவரிடம் என்ன திட்டம் இருந்தது என்பதுதான். இந்தக் கேள்வியிலும் மோய்ஸ் தப்பிக்க மாட்டார் என்றே நான் நினைக்கிறேன். ஆனாலும் குற்றச்சாட்டு சரியான இடத்தில் விழுகிறது.

அடுத்து, முதல் பதினொரு பேரின் பெயருக்கு எதிரே வயதை எழுதுங்கள். 2013 கோடையில் ரியோ ஃபெர்டினாண்டுக்கு 34, நெமான்யா விடிச்சுக்கு 31, பத்ரிஸ் எவ்ராவுக்கு 32, ரயன் கிக்ஸுக்கு 39. பால் ஸ்கோல்ஸ் ஃபெர்குசனோடு சேர்ந்தே ஓய்வு பெற்றுவிட்டார். முதல் மூவரும் அடுத்த கோடையில் கிளப்பை விட்டே போனார்கள். கூரை ஒழுகுகிற வீட்டை வெள்ளையடித்துக் கைமாற்றியதைப் போன்றது அது. லிவர்பூலில் நிலைமை நேர்மாறு. வெர்ஜில் வான் டைக்கும் முகமது சலாவும் முப்பதைக் கடந்திருந்தாலும், நடுக்களத்தை கிளாப் ஓராண்டு முன்பே புதுப்பித்திருந்தார்: 2023 கோடையில் ஹெண்டர்சன், ஃபாபினியோ, மில்னர் போன்றோர் போக, மக் அலிஸ்டர், சோபோஸ்லாய், எண்டோ, கிராவன்பெர்க் ஆகிய நால்வர் வந்தனர். அதனால்தான் ஸ்லாட் தன் முதல் கோடையில் உடனடியாக ஆடக்கூடிய ஒரே வீரராக கியேசாவை மட்டும் வாங்கிச் சமாளிக்க முடிந்தது. ஸ்பெயின் வீரர் சுபிமெண்டி வர மறுத்த இடத்தில், முந்தைய ஆண்டு பெரும்பாலும் மாற்று வீரராக இறங்கிய கிராவன்பெர்க்கை நிறுத்தி சீசன் முழுக்க ஆடவைத்தது ஸ்லாட்டின் சொந்தப் புத்தி. அந்தப் பெருமையை அவருக்குக் கொடுத்தே ஆக வேண்டும்.

பயிற்சியாளரோடு வேறு யார் யார் போனார்கள் என்பதையும் பாருங்கள், ஆனால் இதில் அவசரப்பட வேண்டாம். ஃபெர்குசனின் உதவியாளர்கள் ஃபீலனும் மியூலன்ஸ்டீனும் போனதுதான் யுனைடெட்டைக் கெடுத்தது என்பார்கள். லிவர்பூலில் கிளாப்பின் உதவியாளர்களும்தான் போனார்கள், பட்டம் வரவில்லையா? நான் கவனிப்பது வீரர்களை வாங்கும் நாற்காலியை. யுனைடெட்டில் ஃபெர்குசன் போன அதே கோடையில் தலைமை நிர்வாகி டேவிட் கில்லும் போய்விட, பேரம் பேசுவதிலும் அணியை நடத்துவதிலும் ஒரே நேரத்தில் புதியவர்கள் அமர்ந்தார்கள். லிவர்பூலில் மைக்கேல் எட்வர்ட்ஸும் ரிச்சர்ட் ஹியூஸும் முதலில் பொறுப்புக்கு வந்தார்கள்; பயிற்சியாளரைத் தேடியவர்களே அவர்கள்தாம். வீட்டுக்குள்ளேயே வாரிசைத் தேடும் வழியும் உண்டு: 1974இல் பில் ஷாங்க்லி திடீரென்று விலகியபோது லிவர்பூல் அவருடைய உதவியாளர் பாப் பெய்ஸ்லியையே அமர்த்தியது. முதல் சீசனில் இரண்டாம் இடத்தோடு நின்ற பெய்ஸ்லி, பிறகு ஆறு லீக் பட்டங்களும் மூன்று ஐரோப்பியக் கோப்பைகளும் வென்றார்.

சீசன் தொடங்கியதும் புள்ளிப் பட்டியலை அன்றாடம் பார்ப்பதை நிறுத்திவிட்டு, ஆட்டத்துக்கு ஆட்டம் ஒப்பிடும் வேலையைத் தொடங்குங்கள். இந்த முறையில் அதிகப் பலன் தருவது இதுதான். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் எதிரே, அதே எதிரணியோடு, அதே மைதானத்தில் போன சீசனில் என்ன முடிவு வந்தது என்று எழுத வேண்டும். மோய்ஸின் முதல் ஐந்து லீக் ஆட்டங்களில் 7 புள்ளிகள் கிடைத்தன; அணி முடிந்தது என்று அப்போதே சிலர் கூக்குரலிட்டார்கள். அந்த ஐந்தில் கீழ்மட்ட லீக்கிலிருந்து புதிதாக மேலேறி வந்த கிரிஸ்டல் பேலஸைத் தவிர்த்துவிட்டு மற்ற நான்கைப் பார்ப்போம். ஸ்வான்சி மைதானத்தில் ஃபெர்குசன் காலத்தில் 1-1, மோய்ஸுக்கு 4-1 வெற்றி. சொந்த மைதானத்தில் செல்சியிடம் முன்பு 0-1 தோல்வி, இப்போது 0-0. லிவர்பூல் மைதானத்தில் முன்பு 2-1 வெற்றி, இப்போது 0-1 தோல்வி. சிட்டி மைதானத்தில் முன்பு 3-2 வெற்றி, இப்போது 1-4 தோல்வி. கூட்டினால் ஃபெர்குசனுக்கு 7, மோய்ஸுக்கு 4. குறைவு மூன்றே புள்ளிகள். அதுவும் இரண்டு பெரும் பகையாளிகளின் மைதானத்தில் வந்தது. செப்டம்பரில் அழுவதற்கு அது போதாது, கவலைப்படத் தொடங்குவதற்குப் போதும்.

நடுவில் வந்து அமர்பவர்களை அளக்கவும் இதே ஒப்பீடு உதவும். 2018 டிசம்பரில் யுனைடெட் பயிற்சியாளர் மொரீன்யோ நீக்கப்பட்டதும் தற்காலிகமாக வந்த ஓலே குன்னர் சோல்ஷியர், எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து முதல் எட்டு ஆட்டங்களையும் வென்றார். மார்ச் இறுதியில் பதவி நிரந்தரமானது. அவருடைய முதல் இரண்டு ஆட்டங்கள் கார்டிஃபோடும் ஹடர்ஸ்ஃபீல்டோடும்: 5-1, 3-1. அந்த சீசனின் கடைசி இரண்டு ஆட்டங்களும், வரிசை மட்டும் மாறி, அதே இரண்டு அணிகளோடுதான் வந்தன: ஹடர்ஸ்ஃபீல்டோடு 1-1, சொந்த மைதானத்தில் கார்டிஃபிடம் 0-2 தோல்வி. இரண்டுமே அந்த ஆண்டு கீழ்மட்ட லீக்குக்கு இறங்கிய அணிகள். புது மாப்பிள்ளைக்கு விருந்து எத்தனை நாள் என்று ஊரில் கேட்பார்கள் அல்லவா, அதை இந்த நான்கு ஆட்டங்களில் பார்க்கலாம்.

ரசிகர்கள் அநேகமாக மறந்துபோவது மற்ற அணிகளை. கிளாப்பின் கடைசி சீசனான 2023-24இல் லிவர்பூல் 86 கோல் அடித்து 41 வாங்கி, 82 புள்ளிகளோடு மூன்றாம் இடம் பிடித்தது. ஸ்லாட்டின் முதல் சீசனிலும் 86 அடித்து 41 வாங்கி, 84 புள்ளிகளோடு பட்டம் வென்றது. இரண்டு ஆண்டிலும் தோல்விகள் நான்கே; ஒரு டிரா வெற்றியாக மாறியது, அவ்வளவுதான். மேலே இருந்தவர்கள்தாம் இறங்கினார்கள்: நடுக்கள வீரர் ரோட்ரி முழங்கால் காயத்தால் வெளியேறிய சிட்டி 91இலிருந்து 71க்கும், ஆர்சனல் 89இலிருந்து 74க்கும். இதை வைத்து ஸ்லாட் ஒன்றும் செய்யவில்லை என்று வாதிடுபவரிடம் இன்னொரு எண்ணைக் காட்டுங்கள்: பட்டம் உறுதியான நாளில் 34 ஆட்டங்களில் 82 புள்ளிகள் இருந்தன, பட்டம் கைக்கு வந்த பின் ஆடிய கடைசி நான்கு ஆட்டங்களில் இரண்டே புள்ளிகள் சேர்ந்தன. ஆகவே பட்டத்துக்கு எத்தனை புள்ளி வேண்டும் என்று ஆகஸ்டில் யாராவது உறுதியாகச் சொன்னால் நம்பாதீர்கள். 2018-19இல் 97 புள்ளி எடுத்த லிவர்பூல் இரண்டாம் இடத்தில் நின்றது.

ஃபெர்குசனுக்கும் தொடக்கத்தில் நேரம் கொடுத்தார்கள் என்ற வாதம் எப்படியும் வரும். அதற்கும் தயாராக இருங்கள். அவர் 1986 நவம்பரில் வந்தபோது யுனைடெட் 22 அணிகளில் 21ஆம் இடத்தில் இருந்தது. அந்த சீசனில் 11ஆம் இடம், பிறகு 2, 11, 13, அதன்பின் 1990 எஃப்ஏ கோப்பை, 1993இல் முதல் லீக் பட்டம். கீழே கிடந்த அணியை எடுத்தவருக்குக் கொடுத்த பொறுமையை, சாம்பியன் அணியை எடுத்தவருக்கு அப்படியே நீட்ட முடியாது. பொறுமை பலித்த ஒருவரை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். பொறுத்திருந்தும் பலிக்காதவர்களின் பட்டியல் யார் வீட்டிலும் இல்லை.

கடைசியாக, முதல் ஆட்டத்துக்கு முன் உங்கள் கணிப்பை ஒற்றை எண்ணாக இல்லாமல், 68 முதல் 76 புள்ளிகள் வரை என்பதைப் போல ஒரு வரம்பாக எழுதி, அதன் கீழே எது நடந்தால் என் கருத்தை மாற்றிக்கொள்வேன் என்று ஒரு வரி சேருங்கள். எதிராளியையும் அவருடைய தாளில் அப்படியே எழுதச் சொல்லுங்கள். ஒவ்வோர் அணியோடும் ஒருமுறை ஆடி முடிந்து 19 ஆட்டங்கள் ஆகும்வரை இருவரும் அந்தத் தாளைத் திருத்தக் கூடாது. ஜனவரியில் இரண்டையும் ஒரே மேசையில் விரித்து, அங்கிருந்து சண்டையைத் தொடரலாம்.