புரொஜெக்டர் திரைக்குப் பின்னால் எல்இடி வெளிச்சம் வைப்பது எப்படி

டிவிக்குப் பின்னால் எல்இடி ஸ்ட்ரிப் ஒட்டினோம், நன்றாக இருந்தது, அதையே புரொஜெக்டர் திரைக்கும் செய்துவிடலாம் என்று நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். டிவியின் கறுப்பு அந்தப் பேனலிலேயே உருவாகிறது. புரொஜெக்டருக்கு அப்படி இல்லை, திரையில் வெளிச்சம் விழாத இடம்தான் அதற்குக் கறுப்பு. நீங்கள் பின்னால் ஏற்றும் விளக்கு சுவரில் பட்டு, அங்கிருந்து கூரைக்குப் போய், எதிர்ச்சுவரையும் தொட்டுவிட்டுத் திரைக்கே திரும்பி வந்தால் இருட்டுக் காட்சி முழுக்கச் சாம்பல் பூசியது போல ஆகிவிடும். இந்த வேலையில் கஷ்டமே இதுதான், மற்றதெல்லாம் ஒட்டுவதும் ஒயர் இழுப்பதும்தான்.

அப்படியானால் எதற்கு வைக்க வேண்டும்? சரியான அளவில் வைத்தால் கண் அவ்வளவு சீக்கிரம் களைத்துப்போகாது. கும்மிருட்டில் பளிச்சென்று ஒரு காட்சி, அடுத்த நொடியே இருட்டுக் காட்சி என்று மாறி மாறி வரும்போது கண்மணி விரிந்து சுருங்கித் திணறும், சுற்றிலும் மங்கலாக ஒரு வெளிச்சம் இருந்தால் அந்த வேலை குறைகிறது. பக்கத்தில் ஓர் ஒளிவட்டம் இருப்பதால் திரையின் கறுப்பும் இன்னும் ஆழமாகத் தெரியும். படம் முடிந்து எழுந்திருக்கும்போது தட்டித் தடவி ஸ்விட்ச் தேட வேண்டாம், அதுவும் ஒரு லாபம்.

முதலில் திரையைப் பாருங்கள். சட்டம் போட்ட நிலையான திரை என்றால் இந்த வேலைக்கு ரொம்பத் தோதானது. அது சுவரோடு ஒட்டி இருந்தால் நான்கு மூலையிலும் மரக்கட்டை கொடுத்துக் குறைந்தது 5 செ.மீ. முன்னால் தள்ளுங்கள், இடம் இருந்தால் 8 செ.மீ. இடைவெளி குறைவாக இருந்தால் சுவரில் வெளிச்சம் படராமல் எல்இடி ஒவ்வொன்றும் தனித்தனிப் பொட்டாகத் தெரியும். அப்புறம் இரவில் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, திரைக்குப் பின்னால் ஒரு டார்ச்சைப் பிடித்து முன்னால் வந்து பாருங்கள். துணி வழியாக வெளிச்சம் கசிந்தால் பின்பக்கம் கறுப்புத் துணி கட்டியே ஆக வேண்டும். பின்னால் ஸ்பீக்கர் வைப்பதற்காகப் பொடித் துளை போட்ட திரைகளில் இது கட்டாயம், ஆனால் ஒலியைத் தடுக்காத மெல்லிய துணியாகப் பாருங்கள். சுருட்டி ஏற்றும் திரை என்றால் துணியில் எதையும் ஒட்டக் கூடாது, ஸ்ட்ரிப்பைச் சுவரிலேயே அலுமினியச் சேனலில் பொருத்துங்கள்.

எந்த ஸ்ட்ரிப் வாங்குவது? படம் பார்க்கும்போது எரிய வேண்டியது வெள்ளைதான், அதிலும் 6500 கெல்வின் வெள்ளை (கெல்வின் என்பது வெளிச்சம் மஞ்சளா நீலமா என்று சொல்லும் அளவு). வீடியோவில் வெள்ளைக்கான அளவுகோலே அதுதான். மஞ்சள் வெளிச்சம் வைத்தால் திரையில் இருக்கும் வெள்ளை நீலமாகத் தோன்றும். நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்று சொல்லும் சிஆர்ஐ என்ற அளவு 90க்கு மேல் இருக்கட்டும். சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று நிறம் மட்டும் கொண்ட ஆர்ஜிபி ஸ்ட்ரிப் கலந்து தரும் வெள்ளை பெரும்பாலும் நீலத்துக்கோ ஊதாவுக்கோ இழுக்கும், நிறமும் வேண்டும் என்றால் தனியாக வெள்ளை எல்இடியும் சேர்ந்த ஆர்ஜிபிடபிள்யூ வகையை எடுங்கள். மேலே சிலிகோன் பூசிய தண்ணீர் புகாத ரகம் வேண்டாம், அந்தப் பூச்சு நிறத்தை மாற்றிவிடும். சுவரும் முக்கியம்: நிறம் இல்லாத வெள்ளையோ சாம்பலோ நல்லது, பச்சைச் சுவரில் எந்த வெள்ளை விளக்கைப் போட்டாலும் பச்சைதான் வரும்.

இனி கணக்கு. 100 அங்குல 16:9 திரை சுமார் 221 செ.மீ. அகலம், 125 செ.மீ. உயரம். விளிம்பிலிருந்து 8 செ.மீ. உள்ளே தள்ளி ஒட்டினால் சுற்றளவு 6.3 மீட்டர் வரும். மீட்டருக்கு 4.8 வாட் எடுக்கும் 24 வோல்ட் ஸ்ட்ரிப் என்றால் மொத்தம் 30 வாட், கொஞ்சம் மிச்சம் விட்டு 24 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர் போதும். மீட்டருக்கு 14.4 வாட் என்று போட்டிருப்பதைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம், எப்படியும் அதை அடிமட்டத்துக்குக் குறைத்துத்தான் எரிக்கப் போகிறீர்கள்.

ஒரே நீளமாக ஓட்டினால் கடைசிப் பகுதி மங்கும், 12 வோல்ட் ஸ்ட்ரிப்பில் இது நன்றாகவே தெரியும். அதனால் கீழ்ச்சட்டத்தின் நடுவில் மின்சாரம் கொடுத்து, அங்கிருந்து இடப்பக்கம் ஒரு பாதி, வலப்பக்கம் ஒரு பாதி என்று கொண்டுபோய் மேலே நடுவில் சந்திக்க வையுங்கள். கத்திரி அடையாளம் போட்ட செப்புப் பொட்டில் மட்டும் வெட்டுங்கள். மூலையில் ஸ்ட்ரிப்பை மடித்து அழுத்தாதீர்கள், உள்ளே செப்புத் தடம் விட்டுவிடும். வெட்டி, நான்கு விரற்கடை ஒயர் வைத்துச் சால்டர் செய்வதுதான் நிலைக்கும்.

ஒட்டுவதில் நான் ஒரு தடவை பட்டேன். சட்டத்தைத் துணியால் லேசாகத் துடைத்துவிட்டு ஒட்டினேன், மூன்றாம் நாள் இரவு படம் ஓடிக்கொண்டிருக்கும்போது மேல்பக்க ஸ்ட்ரிப் சரசரவென்று உரிந்து திரையின் முன்னால் வந்து தொங்கியது. அலுமினியத்தில் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் பசை இருந்திருக்கிறது. இப்போது ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் இரண்டு தடவை துடைத்து, நன்றாகக் காயவிட்டு, ஒட்டின பிறகு அங்குலம் அங்குலமாகக் கட்டைவிரலால் அழுத்துகிறேன், ஒவ்வொரு 30 செ.மீ.க்கும் ஒரு கிளிப்பும் போடுகிறேன். அதற்குப் பிறகு ஒன்றும் உரியவில்லை.

கூரை வெள்ளையாக இருந்து திரைக்கு நெருக்கமாகவும் இருந்தால் மேல்பக்க ஸ்ட்ரிப்பை விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்வேன். கறுப்பைக் கெடுப்பதில் முதல் குற்றவாளி அந்தக் கூரைதான். இரண்டு பக்கமும் கீழேயும் இருந்தாலே திரை மிதப்பது போன்ற தோற்றம் வந்துவிடும்.

வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் வாங்கும்போது ரேடியோ ரிமோட் உள்ளதாக வாங்குங்கள், இன்ஃப்ராரெட் என்றால் அதன் கண் திரைக்குப் பின்னால் மறைந்து ரிமோட் வேலை செய்யாது. ஒரு சதவீதம் வரை இறங்க வேண்டும், அந்த மங்கலிலும் துடிக்கக் கூடாது. விரல்களை விரித்து வெளிச்சத்துக்கு முன்னால் வேகமாக ஆட்டிப் பாருங்கள், விரல் துண்டு துண்டாகத் தெரிந்தால் அது துடிக்கிறது, மாற்றுங்கள். புரொஜெக்டரில் 12 வோல்ட் டிரிக்கர் (புரொஜெக்டர் ஓடும்போது வெளியே சிக்னல் தரும் இணைப்பு) இருந்தால் அதை வைத்தே தானாக எரிய வைக்கலாம், ஆனால் ஸ்ட்ரிப்பை நேரடியாக அதில் இணைக்காதீர்கள், அது சிக்னலுக்கான சிறு மின்சாரம்தான் தரும். நடுவில் ஒரு ரிலே, அதாவது அந்தச் சிறு சிக்னலால் இயங்கும் ஸ்விட்ச், வேண்டும்.

படத்தின் நிறத்துக்கேற்ப மாறும் விளக்கு பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். விளையாட்டுக்கும் பாட்டுக்கும் அது அருமை. படத்துக்கு எனக்குப் பிடிக்கவில்லை, பெரிய திரையின் ஓரத்தில் நிறம் துள்ளிக்கொண்டே இருந்தால் கண் அங்கேதான் போகிறது.

கடைசியாக அளவு வைப்பது. டிவிக்குத் திரையின் உச்ச வெள்ளையில் பத்தில் ஒரு பங்கு என்பார்கள். திரையரங்குகளில் டிஜிட்டல் திரைக்கான தர அளவே சதுர மீட்டருக்கு 48 கேண்டெலாதான் (திரையின் பிரகாசத்தை அளக்கும் அலகு), வீட்டுப் புரொஜெக்டரும் பெரும்பாலும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கும், அதனால் இங்கே பத்தில் ஒரு பங்கு என்பது ரொம்பச் சிறிய வெளிச்சம், நான் அதற்கும் கீழே வைக்கிறேன். இருட்டான ஒரு காட்சியில் படத்தை நிறுத்தி, பத்து நிமிடம் கண்ணைப் பழக விடுங்கள். விளக்கைப் பூச்சியத்திலிருந்து மெதுவாக ஏற்றுங்கள். மேலும் கீழும் இருக்கும் கறுப்புப் பட்டைகள் வெளுக்கத் தொடங்கும் இடம் ஒன்று வரும், அங்கிருந்து இரண்டு படி இறக்குங்கள். அதை ரிமோட்டின் முதல் மெமரியில் பதியுங்கள், இரண்டாவதில் இடைவேளைக்கு ஏற்ற பிரகாசத்தைப் பதியுங்கள்.