மேதியரைப் பற்றிப் பேசும்போது நாம் செய்யும் தவறுகள்

மீதியான் வேறு, மேதியா வேறு. தமிழ் வேதாகமம் வாசிக்கிறவர்கள் முதலில் சறுக்குவது இந்த இடத்தில்தான். மோசேயின் மாமனார் எத்திரோ ஆசாரியனாக இருந்தது மீதியானில். கிதியோன் 300 பேரோடு போய் முறியடித்ததும் மீதியானியரைத்தான். மேதியரோ இன்றைய ஈரானின் மலைநாட்டுக்காரர்கள், கி.மு. 612-ல் பாபிலோனியரோடு சேர்ந்து நினிவேயை வீழ்த்தியவர்கள்.

அடுத்தது, தானியேல் 6-ஆம் அதிகாரத்தை வைத்து "மேதியர் ராஜாவைத் தெய்வமாகக் கும்பிட்டவர்கள்" என்று சொல்லிவிடுவது. வசனத்தை நிதானமாக வாசித்துப் பாருங்கள். 30 நாள் ராஜாவைத் தவிர யாரிடமும் விண்ணப்பம் பண்ணக்கூடாது என்ற யோசனை மேதியனான ராஜா தரியுவுடையது அல்ல, அதிகாரிகள் கொண்டுவந்தது. மெய்யாகவே தெய்வம் என்று நம்பியிருந்தால் 30 நாள் கெடு எதற்கு?

அந்த அதிகாரம் காட்டுவது, சட்டத்துக்குள் கட்டுண்ட ஒரு ராஜாவை. பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் நினைத்தவனைக் கொன்றான், நினைத்தவனை உயிரோடே வைத்தான். தரியுவோ சூரியன் அஸ்தமிக்கும்வரை போராடியும், மேதியர் பெர்சியரின் பிரமாணம் மாறாதது என்பதால், அந்தக் கட்டளையை மீறி ஜெபம்பண்ணிய தானியேலைச் சிங்கக்கெபியிலிருந்து (சிங்கங்களை அடைத்த குழி) விடுவிக்க முடியவில்லை. கெபியின் வாசலில் வைத்த கல்லைப் பாருங்கள். ராஜாவின் மோதிர முத்திரை மட்டும் அதில் இல்லை, பிரபுக்களின் முத்திரைகளும் இருக்கின்றன. ராத்திரியில் மனம் மாறி ராஜாவே கல்லைப் புரட்டிவிட முடியாது. சாப்பாடும் தூக்கமும் இல்லாமல் விடியும்வரை காத்திருப்பதைத் தவிர அவனுக்கு வேறு வழியில்லை. எனக்கு இந்த அதிகாரத்தில் சிங்கங்களைவிட அந்த முத்திரைகள்தான் பெரிய விஷயம்.

இந்தத் தரியுவையும் எஸ்றா புத்தகத்துத் தரியுவையும் ஒருவராக்கிவிடாதீர்கள். எஸ்றாவில் வருகிறவன் கி.மு. 522-ல் பட்டத்துக்கு வந்த பெர்சியன். மேதியனான தரியுவின் பெயர் பாபிலோனியக் களிமண் பலகைகளில் ராஜாவாக வரவில்லை. பெர்சிய ராஜா கோரேசின் தளபதி குபாரு என்று சிலர் சொல்கிறார்கள், கோரேசுதான் என்று சிலர். முடிவாகாத ஒன்றை முடிவானதுபோலப் பிரசங்கிக்க வேண்டாம்.

மதத்துக்கு வருவோம். மேதியர் எல்லாரும் ஜரதுஷ்டிர மதத்தார் (நெருப்பைப் புனிதமாகக் கொண்ட பழைய ஈரானிய மதம்) என்று அடித்துச் சொல்வதும் தவறு. ஈரானில் நூஷ்-இ-ஜான் என்ற மேட்டில் மேதியர் காலத்துக் கோவிலையும், சுடாத செங்கலில் கட்டிய நெருப்புப் பீடத்தையும் தோண்டி எடுத்திருக்கிறார்கள். ஆனால் எந்தத் தெய்வத்துக்கு என்று சொல்ல ஓர் எழுத்துகூட அங்கே இல்லை. வேதாகமமும் மேதியரின் தெய்வம் எதையும் பெயர் சொல்லவில்லை. "நெருப்பு அவர்களுக்குப் புனிதம், அதனால்தான் நேபுகாத்நேச்சாரின் அக்கினிச்சூளைக்குப் பதில் சிங்கக்கெபி" என்பது கேட்க நன்றாயிருக்கும். வசனத்தில் அப்படி இல்லை.

அப்புறம், "மாறாத பிரமாணம்" என்றாலே தானியேலுக்கு விரித்த வலை மட்டும் நினைவுக்கு வருகிறது, இல்லையா? எஸ்றா 6-ஐயும் சேர்த்துப் படியுங்கள், அங்கே பழைய ராஜாவின் மாறாத எழுத்து ஆலயம் கட்ட உதவுகிறது. எருசலேம் ஆலயத்தைக் கட்டலாம் என்று கோரேசு எழுதிய கட்டளையைப் பெர்சியத் தரியு தேடச் சொல்கிறான். சுருள் அகப்பட்டது பாபிலோனில் அல்ல, மேதிய சீமையின் அக்மேதா அரமனையில். உயரம் 60 முழம், அகலம் 60 முழம், செலவு ராஜாவின் அரமனையிலிருந்து என்று அதில் எழுதியிருந்தது. அந்தத் தரியுவின் 6-ஆம் வருஷத்தில் ஆலயம் கட்டி முடிந்தது.