பண்ணைத் தாம்போதியில் குடும்பத்தோடு பறவை பார்க்க

யாழ்ப்பாண நகரிலிருந்து தீவுப்பக்கம் தண்ணீருக்கு நடுவே போகும் வீதிதான் பண்ணைத் தாம்போதி. மாரி மழையில் அதன் இரு பக்கமும் உள்ள பரவைக்கடல் (ஆழமில்லாத கடனீரேரி) நிரம்பி நிற்கும்போது போனால் பறவைகள் எங்கெங்கோ சிதறிக் கிடக்கும். தை பிறந்து தண்ணீர் வற்றத் தொடங்கினால்தான் நெடுங்காலிகள் இறங்கி மேய ஆழம் சரிவரும். பங்குனியில் வலசை வந்தவை திரும்பத் தொடங்கிவிடும்.

விடிய ஆறரைக்கெல்லாம் பண்ணையில் நில்லுங்கள். ஒன்பது மணிக்குப் பிறகு வெயிலில் காற்று அலையாடும். எவ்வளவு விலையான பைனாகுலரிலும் உருவம் நடுங்கும். போகும்போது பார்க்கவேண்டாம். இடப்பக்கத் தண்ணீரில் சூரியன் எதிரே நிற்கும், எல்லாம் கறுப்பு நிழலாகத்தான் தெரியும். மண்டைதீவுச் சந்தி வரை நேராகப் போய்த் திரும்பி வாருங்கள். அப்போது இடப்பக்கம் வடமேற்குத் தண்ணீர், வெளிச்சம் உங்கள் முதுகுப் பக்கம். பிள்ளைகளும் இடக்கதவால் இறங்கலாம். பஸ்கள் அந்த வீதியில் மெதுவாகப் போவதில்லை.

பைனாகுலர் 8x42 (8 மடங்கு பெருக்கம், 42 மி.மீ. முன் லென்ஸ்) போதும். 12 மடங்கு என்றால் கை நடுக்கமும் அதே அளவு பெருகும். பிள்ளை "ஒண்டும் தெரியேல்லை, கறுப்பாக்கிடக்கு" என்றால் அநேகமாக இரு குழல்களும் அதன் கண்ணுக்கு அகலமாக இருக்கின்றன. ஒரே வட்டம் தெரியும்வரை மடக்குங்கள். பிறகு வலக்கண்ணை மூடி, அசையாத கம்பம் ஒன்றை நடுச்சில்லால் தெளிவாக்குங்கள். அடுத்து இடக்கண்ணை மூடி, வலப்பக்க வளையத்தை மட்டும் திருப்புங்கள். மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் கண்வைக்கும் ரப்பரை உள்ளே இறக்கவேண்டும்.

பேரைவிட மேயும் விதத்தைக் காட்டிக்கொடுங்கள், சின்னதுகளுக்கு அதுதான் நிற்கும். தலையைக் கவிழ்த்து நீரை வடிகட்டினால் பூநாரை. சொண்டை இரு பக்கமும் வீசி நடந்தால் கரண்டிவாயன். "ஏன் இது சிவப்பில்லை?" என்ற கேள்வி கட்டாயம் வரும்: குஞ்சுப் பூநாரை சாம்பல் நிறம், உண்ணும் இறால்வகையிலும் பாசியிலும் உள்ள நிறமிதான் பிறகு இளஞ்சிவப்பாக ஏறுகிறது.

கூட்டம் ஒன்றாகத் தலை நிமிர்த்தினால் அதோடு நின்றுவிடுங்கள். இன்னும் இரண்டடி வைத்தால் எழும்பிவிடும். வாகனத்துக்குள் இருந்தபடியே பார்த்தால் இந்தத் தொல்லை குறைவு. கரைச்சேற்றில் இறங்கவிடாதீர்கள்: மேலே காய்ந்த பொருக்கு, கீழே செருப்பை இழுக்கும் களி.

சாப்பாட்டுக்குப் பாணோ ரொட்டியோ கொண்டுபோங்கள். சம்பல் கை லென்ஸில் பட்டால் அன்றைய நாள் அவ்வளவுதான்.

2015இல் தேசிய பூங்காவான சுண்டிக்குளத்தைப் பிள்ளைகள் கொஞ்சம் பழகியபின் வைத்துக்கொள்ளலாம். அந்தப் பக்கம் மண்டையோட்டுப் பலகையைக் கண்டால் அது கண்ணிவெடி எச்சரிக்கை. வண்டித்தடத்தை விட்டு ஓரடியும் விலகக்கூடாது, அவசரத்துக்கு ஒதுங்குவதற்கும்கூட.