சுவிட்ச் நெட்வொர்க்கில் வளையப் பாதையைக் கண்டறிவது எப்படி?

சுவிட்சுகளை வளையமாக இணைப்பதில் தவறேதும் இல்லை. ஒரு கேபிள் அறுந்தாலும் தொடர்பு நீடிக்கவே அவ்வாறு இணைக்கிறார்கள். ஆனால் அந்த வளையத்தில் ஒரு போர்ட் தடுக்கப்பட்டிருக்க வேண்டும். ஐ.பி. பாக்கெட்டுக்கு இருப்பதுபோல் ஆயுள் வரம்பு ஈதர்நெட் ஃபிரேமுக்கு இல்லாததால், தடுப்பில்லாத வளையத்தில் புகுந்த பிராட்காஸ்ட் ஃபிரேம் (எல்லாக் கருவிகளுக்கும் அனுப்பப்படும் தரவுத் துண்டு) ஓயாமல் சுற்றி, ஒவ்வொரு சுற்றிலும் எல்லாப் போர்ட்டுகளுக்கும் பிரதி அனுப்பி, விரைவில் நெட்வொர்க்கையே திணறடித்துவிடும்.

போர்ட் விளக்குகள் எல்லாம் ஒன்றாக விடாமல் மின்னுவதும், சுவிட்சின் நிர்வாகப் பக்கம் திறக்க மறுப்பதும் முதல் அறிகுறிகள். அப்போது கேபிள்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்பது பலரது வழக்கம்; அது இந்த ஃபிரேம் புயலை அடக்கும், காரணத்தையும் சேர்த்து மறைத்துவிடும். கன்சோல் கேபிள் (சுவிட்சை நேரடியாகக் கணினியுடன் இணைக்கும் கேபிள்) வழியாக உள்ளே சென்று பதிவேட்டைப் பார்ப்பதே நல்லது. ஒரே மேக் முகவரி (ஒரு கருவியின் வன்பொருள் அடையாள எண்) 3-ஆம் போர்ட்டுக்கும் 24-ஆம் போர்ட்டுக்கும் மாறி மாறித் தாவுவதாகப் பதிவாகியிருந்தால், அவ்விரு போர்ட்டுகளையும் தொட்டு ஒரு வளையம் இருக்கக்கூடும். வைஃபை கருவிகள் இடம் மாறும்போதும் இப்படித் தாவல் வரும் என்பதால், கேட்வேயின் (நெட்வொர்க்கை வெளியே இணைக்கும் கருவியின்) முகவரியும் தாவுகிறதா என்று பாருங்கள். அது தாவினால் லூப்பைத்தான் (தடுப்பில்லாத வளையத்தைத்தான்) முதலில் சந்தேகிக்க வேண்டும்.

அடுத்து, வளையத்தில் ஒரு போர்ட்டைத் தானாகத் தடுக்கும் நெறிமுறையான ஸ்பானிங் ட்ரீயின் நிலையைப் பாருங்கள். எல்லா சுவிட்சுகளும் ஒரே ரூட் சுவிட்சை (தலைமைச் சுவிட்சை) காட்ட வேண்டும். இரண்டு சுவிட்சுகள் தம்மையே ரூட் என்று சொன்னால், அவற்றுக்கிடையே பி.பி.டி.யு. (ஸ்பானிங் ட்ரீக்காக சுவிட்சுகள் பரிமாறும்) செய்திகள் போய்ச்சேரவில்லை. ஒற்றை வளையத்தில் தடுக்கப்பட்ட போர்ட் ஒன்றுகூட இல்லையென்றால், ஏதோவோர் இணைப்பு ஏற்கெனவே அறுந்திருக்கிறது, அல்லது நெறிமுறை எங்கோ அணைக்கப்பட்டிருக்கிறது.

பெரும்பாலோர் தவறவிடுவது ஃபைபரின் ஒருவழிப் பழுதை. போக ஒன்றும் வர ஒன்றுமாக உள்ள இரு இழைகளில் ஒன்று மட்டும் கெட்டு, இரு முனைகளிலும் விளக்கு எரிந்துகொண்டே இருக்கலாம். பி.பி.டி.யு. வழக்கமாக 2 நொடிக்கு ஒருமுறை வர வேண்டும். அது நின்றுபோனால் ஸ்பானிங் ட்ரீயின் பழைய 802.1டி வடிவில், தடுக்கப்பட்ட போர்ட் 20 நொடி காத்திருந்து, பின்னர் 15 நொடி வீதம் இரண்டு நிலைகளைக் கடந்து, ஏறத்தாழ 50 நொடியில் திறந்துகொள்ளும். எதிர்த்திசை இழை நன்றாக இருப்பதால் அந்தக் கணமே லூப் உருவாகும். ஆகவே தடுக்கப்பட்ட போர்ட்டின் பி.பி.டி.யு. எண்ணிக்கை ஏறுகிறதா என்று சில நொடிகள் கவனித்துப் பாருங்கள்.

பயனர் பக்கத்தில் யாரோ வைத்த, நிர்வாக வசதியற்ற சிறு சுவிட்சில் ஒரே கேபிளின் இரு முனைகளும் செருகப்பட்டிருக்கலாம். அத்தகைய சில சுவிட்சுகள் பி.பி.டி.யு.வைக் கடத்தாமல் விழுங்கிவிடுவதால், ஸ்பானிங் ட்ரீ அதைக் காணாது. அங்கே லூப் கண்டறியும் வசதியும் பிராட்காஸ்ட் வரம்பும்தான் கைகொடுக்கும்.

பழுதைச் சரிசெய்தபின், வேலை குறைந்த நேரத்தில் வளையத்தின் ஒரு கேபிளைக் கழற்றி, தடுக்கப்பட்டிருந்த போர்ட் திறக்கிறதா, மீண்டும் செருகியதும் அதே போர்ட் தடுக்கப்படுகிறதா என்று சோதியுங்கள்.